பிள்ளைகள் காலில் விழுகிறார்கள், மூப்பருக்குக் கோபம்: ரங்கூனிலிருந்து ஒரு கேள்வி

ரங்கூன்_டீச்சர் (ஞாயிறு இரவு)

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இந்தக் களத்தைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு மனது ஆறவில்லை, எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை சபையில் சிறுபிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் வேதக் கதையும். வீடு மூன்றாவது மாடி. எங்கள் தெருவில் பால்கனிக்குப் பால்கனி ஒரு கயிறு தொங்கும். கீழ்நுனியில் கிளிப், மேல்நுனியில் மணி. பேப்பர்காரர் கிளிப்பில் பேப்பரை மாட்டி ஒரு இழு இழுப்பார், மணி அடிக்கும், நாம் மேலே தூக்கிக்கொள்ள வேண்டியதுதான். படி ஏற முடியாத வயதில் இந்தக் கயிறுதான் எனக்குத் தெருவோடு உள்ள உறவு.

பர்மா தெரியாதவர்களுக்காக: அக்டோபர் வாக்கில் வரும் பௌர்ணமி தடின்ஜுட். பௌத்தர்களின் மூன்று மாத மழைக்கால நோன்பு முடிகிற நாள். புத்தர் மேலுலகத்தில் தம் தாய்க்குத் தருமம் சொல்லிவிட்டு இறங்கி வந்ததை நினைத்து ஊர் முழுக்க விளக்கேற்றுவார்கள். அந்த நாட்களில் பெரியவர்களையும் ஆசிரியர்களையும் தேடிப் போய்க் 'கடோ' செய்வது வழக்கம். மண்டியிட்டு, கை கூப்பி, நெற்றி தரையில் படக் கும்பிடுவது.

இந்த வருடம் பிள்ளைகள் ஆறு பேர் வந்தார்கள். வழக்கம்போல் கரண்ட் இல்லை. கொண்டு வந்த மெழுகுவர்த்திகளைத் தரையில் வரிசையாக ஏற்றி வைத்தார்கள். ஒரு சோப்புப் பெட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு லோஞ்சித் துணி. ஆறு தலையும் ஒன்றாகக் குனிந்தன. ஒருத்தியின் கன்னத்தில் தனாக்கா (மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசுகிற பர்மியப் பூச்சு) இன்னும் காயவில்லை, நிமிர்ந்தபோது என் தரையில் மஞ்சளாக ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. மறுநாள் காலைவரை அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

சிக்கல் என்னவென்றால், ஐந்து பேர் பௌத்தப் பிள்ளைகள், ஆறாவது எங்கள் சபைப் பிள்ளை. தோழிகள் மண்டியிட்டதும் அவளும் மண்டியிட்டுவிட்டாள். வீட்டில் போய்ச் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். இன்று ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர் வாசலில் நிறுத்தி, "நமஸ்காரம் வாங்கிக்கொள்கிற டீச்சர் ஞாயிறு பள்ளி நடத்தலாமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன்.

நான் தடுத்திருக்க வேண்டுமா? பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, காரணத்தோடு திட்டுங்கள்.


நெல்லை_ஊழியன்

ஸ்தோத்திரம் சிஸ்டர். மனம் நோகச் சொல்லவில்லை, ஆனால் வேதம் தெளிவாக இருக்கிறது. அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரம் பாருங்கள். கொர்நேலியு பேதுருவின் பாதத்தில் விழுந்தான். பேதுரு அவனைத் தூக்கியெடுத்து, "எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான்" என்றான். அவ்வளவுதான். பேதுருவே வாங்கிக்கொள்ளாததை நாம் எப்படி வாங்கிக்கொள்வது? மூப்பர் கேட்ட விதம் தவறு, கேட்ட விஷயம் சரி.


பெகு_மளிகை

டீச்சரம்மா, நான் முருகன் கோயில்காரன், உங்கள் சபை விஷயத்தில் மூக்கை நுழைக்கக்கூடாது. ஆனாலும் ஒன்று. மாதா, பிதா, குரு, அப்புறம்தான் தெய்வம் என்பது எங்கள் பாட்டி கணக்கு. பர்மியர்கள் வரிசை வேறு: புத்தர், தருமம், சங்கம், தாய் தகப்பன், ஆசிரியர். ஐந்தும் அளவில்லாத நன்றிக்கு உரியவை என்பார்கள். ஆக இரண்டு கணக்கிலும் வாத்தியாருக்கு இடம் உண்டு. என்னை அடித்த கணக்கு வாத்தியாருக்கு நான் இன்னும் கடோ செய்கிறேன். அடித்த கையைப் பார்த்தால் பயம் வருகிறது, அதனாலேயே சீக்கிரம் குனிந்துவிடுகிறேன் :)


லூர்து_கெபி

டீச்சர் அக்காவுக்கு வணக்கம். நாங்கள் கத்தோலிக்கர். பிப்ரவரியில் நியாங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்கு ரயிலேறுகிற கூட்டம்.

நெல்லை ஐயா சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் கடோ செய்யும்போது வாயால் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாரா? "டீச்சரைக் கும்பிடுகிறேன்" என்பதோடு அது முடிவதில்லை. உடலால், வாக்கால், மனதால் நான் தவறு செய்திருந்தால் மன்னியுங்கள் என்று கேட்பார்கள். அதற்குப் பதிலாகப் பெரியவர்கள் வாழ்த்த வேண்டும். இதுதான் சடங்கின் நடுப்பகுதி, குனிவது அதன் உடை மாதிரி.

இப்போது எங்கள் திருப்பலியின் தொடக்கத்தில் சபையே நின்று சொல்கிற மன்னிப்பு வேண்டலை நினைத்துப் பாருங்கள். "என் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும்." அதைக் கடவுளிடம் மட்டும் சொல்வதில்லை, "சகோதர சகோதரிகளே, உங்களிடமும்" என்றுதான் சொல்கிறோம். வருடத்துக்கு ஒருநாள் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை வந்து, மனதாலும் உங்களுக்குத் தவறு நினைத்திருந்தால் மன்னியுங்கள் என்று கேட்கிறது. என் பங்குக் கோயிலில் எத்தனை பேர் அப்படிக் கேட்பார்கள்? நான் கேட்டதில்லை.


வியாசர்பாடி_பேரன்

பர்மா அகதிகள் குடும்பம் நாங்கள். அறுபதுகளில் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு தாத்தா பாட்டி கப்பலில் மெட்ராஸ் வந்தவர்கள். கடோ பற்றி எனக்குத் தெரியாது, தனாக்கா தெரியும். பாட்டி ஒரு சாண் கட்டையும் வட்டக் கல்லும் கொண்டுவந்திருந்தார். கல்லின் ஓரத்தில் சுற்றிலும் ஒரு வாய்க்கால் இருக்கும், தண்ணீர் வடிய. கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டையின் பட்டையை வட்டமாகத் தேய்ப்பார். சந்தனம் மாதிரி வாசனை, ஆனால் அதைவிடப் பச்சை. எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் அதுதான்.

பாட்டி இறந்த பிறகு கட்டை தேய்ந்து பென்சில் அளவு ஆகிவிட்டது. சித்த மருத்துவம் படித்த நண்பனிடம் காட்டினேன். "இது நம் மகாவில்வம்டா, நரிங்கி கிரெனுலாட்டா" என்றான். எங்கள் தெருச் சிவன் கோயிலில் அந்த மரம் நிற்கிறது! பாட்டி ஐம்பது வருடம் பக்கத்திலேயே நடந்து போயிருக்கிறார், தெரியாமலே. தலைப்பை விட்டு விலகிவிட்டேன், மன்னிக்கவும். பீச் ஸ்டேஷன் பக்கம் வந்தால் அத்தோ, அதுதான் நம் பர்மா நூடுல்ஸ், வாங்கித் தருகிறேன்.


ரங்கூன்_டீச்சர் (திங்கள் மதியம்)

கரண்ட் வந்த நேரத்தில் எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

வியாசர்பாடி தம்பி, நீங்கள் விலகவில்லை, நடுவில் வந்து நிற்கிறீர்கள். மூப்பரின் கோபத்துக்கு ஒரு முன்கதை இருக்கிறது. அதை முதலில் எழுத வெட்கமாக இருந்தது.

என் பால்கனியில் இரண்டு தொட்டி மல்லிகை. சாயங்காலம் பறித்துக் கட்டி, காலையில் ஒரு முழம் வைத்துக்கொள்வேன். அம்மா வைத்தார், நான் வைக்கிறேன். சபையில் இது ஒரு குறை. "இந்துப் பழக்கம்" என்பார்கள். முகத்தில் தனாக்கா பூசிக்கொண்டு அதே சபைக்குப் போகிறேன், பிரசங்கம் செய்கிறவரின் மனைவியும் பூசியிருக்கிறார், ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. அது "பர்மா கலாசாரம்". ஏப்ரலில் திஞ்சான் என்கிற பர்மியப் புத்தாண்டை ஒட்டி முதல் மழை விழுந்ததும் படௌக் மரம் பூக்கும் பாருங்கள், அது ஒரு நாள் கூத்து. காலையில் மரம் முழுக்கப் பொன்னாக இருக்கும், மறுநாள் தெருவெல்லாம் கொட்டிக் கிடக்கும். அந்த நாள் ஞாயிறாக அமைந்துவிட்டால் எங்கள் சபையில் கொண்டையில் படௌக் இல்லாத பெண் கிடையாது. மூப்பர் வீட்டுப் பெண்கள் உட்பட. படௌக் நம் வேங்கையின் கூடப்பிறந்த மரம்தான். சங்கப் பாட்டில் குறிஞ்சி நிலப் பெண்கள் சூடுகிற அதே வேங்கை.

ஆக, அயலார் பூ கலாசாரம், நம் பூ மதம். இந்தக் கணக்கு எனக்கு முப்பது வருடமாக விளங்கவில்லை, நானோ கணக்கு டீச்சர்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நாம் இந்த ஊரில் சின்னக் கூட்டம், அதற்குள்ளும் கிறிஸ்தவர்கள் இன்னும் சின்னக் கூட்டம். பர்மியரிடமிருந்து நம்மைப் பிரித்துக் காட்ட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை, முகமே காட்டிக்கொடுக்கும். பக்கத்து வீட்டுத் தமிழரிடமிருந்து பிரித்துக் காட்டத்தான் பாடுபடுகிறோம். அப்படிப் பாடுபடுவதில் முதலில் போவது பூ, அப்புறம் கோலம், அப்புறம் தமிழே.

லூர்து_கெபி சொன்ன மன்னிப்புக் கேட்கிற விஷயம் எனக்குத் தெரியும், ஆனால் இப்படி நினைத்துப் பார்த்ததில்லை. இன்று காலை பாத்திரம் கழுவும்போது அதுதான் மண்டையில் ஓடியது. ஆறு பேரும் மன்னிப்புக் கேட்டார்கள், நான் வாழ்த்தினேன். நான் அவர்களிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியது எனக்கும் இருந்தது. அந்தச் சபைப் பிள்ளையைப் போன மாதம் வகுத்தல் வரவில்லை என்று எல்லோர் முன்னாலும் சிரிக்க வைத்திருக்கிறேன். மூப்பர் என்னிடம் செய்ததைத்தான் நான் அவளிடம் செய்திருக்கிறேன்.


நெல்லை_ஊழியன்

சிஸ்டர், பூ விஷயத்தில் நான் சண்டைக்கு வரவில்லை. எங்கள் ஊரிலும் சபைக்குச் சபை வேறுபடும். சிஎஸ்ஐயில் பூ உண்டு, எங்கள் சபையில் இல்லை. ஆனால் 1 பேதுரு 3இல் மயிரைப் பின்னுவதும் பொன்னாபரணமும் புறம்பான அலங்கரிப்பு என்று எழுதியிருக்கிறதே. இருதயத்தில் மறைந்திருக்கிற குணம்தான் அலங்காரம் என்று. அதை எப்படித் தாண்டுவது?


ரங்கூன்_டீச்சர்

தாண்ட வேண்டாம் பிரதர், அதன் மேலேயே உட்காரலாம். அங்கே சொன்னது பொன்னும் உயர்ந்த வஸ்திரமும். காசு இருக்கிறவள் சபையில் காட்டுகிற காட்சி. ஒரு முழம் மல்லிகையில் என்ன காட்சி? சாயங்காலத்துக்குள் வாடிவிடும். அதே வேதத்தில் ஆண்டவர் "காட்டுப்புஷ்பங்களைக் கவனித்துப்பாருங்கள்" என்கிறார். கவனிக்கச் சொன்னவர் சூடக்கூடாது என்று சொன்னதாக நான் படிக்கவில்லை. யாத்திராகமம் 31இல் பெசலெயேல் என்கிற கைவேலைக்காரனைத் தேவ ஆவியினால் நிரப்பினது எதற்கு? பிரசங்கம் செய்யவா? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய, ரத்தினம் பதிக்க, மரத்தில் சித்திரம் செதுக்க. ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைச் சொன்னால் பையன்களுக்கு ஆச்சரியம். ஆவி வந்தால் தச்சு வேலை நன்றாக வருமா டீச்சர் என்றான் ஒருவன். வரும் என்றேன்.


பெகு_மளிகை

அந்தப் பையனை என் கடைக்கு அனுப்புங்கள், அலமாரி ஆடுகிறது.


மோல்மேன்_சொல்லாய்வு

தாமதமாக வந்தேன். எனக்குச் சொற்களில் பைத்தியம், அந்தப் பக்கமிருந்து ஒன்று.

பர்மிய மொழியில் 'சௌன்' என்ற ஒரே சொல் பிக்குகளின் மடத்துக்கும் வருகிறது, பிள்ளைகளின் பள்ளிக்கும் வருகிறது. காரணம் எளிது, பிள்ளைகள் எழுத்துப் படித்தது மடத்தில்தான். தேவாலயத்துக்குப் பர்மியர் சொல்வது 'பயா சௌன்'. 'பயா' என்றால் புத்தர், பகோடா, கடவுள் மூன்றும். 1813இல் ரங்கூனில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834இல் பர்மிய வேதாகமத்தை முடித்தபோது கடவுளுக்குப் புதுச்சொல் உண்டாக்கவில்லை, இந்தப் பயாவை வைத்துத்தான் எழுதினார். பௌத்தர்கள் வாயில் புழங்கிய சொல் அது. அது இல்லாவிட்டால் யாருக்கும் விளங்கியிருக்காது.

தமிழில் மட்டும் என்ன? 'பள்ளி' சமணர், பௌத்தர் தங்கிய இடத்தின் பெயர். பிறகு பிள்ளைகள் படிக்கிற இடம். முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல். மலையாளத்தில் பள்ளி என்றால் தேவாலயமும்தான். டீச்சர் ஞாயிறு பள்ளி நடத்தலாமா என்று கேட்ட மூப்பர், அந்தச் சொல்லைச் சமணர்களிடம் கடன் வாங்கித்தான் கேட்டிருக்கிறார்.


நெல்லை_ஊழியன்

சொல் வேறு, செயல் வேறு ஐயா. சொல்லைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம். மண்டியிடுவதை எப்படிக் கழுவுவது?


லூர்து_கெபி

நாகமானைப் பற்றி யாரும் பேசவில்லையே? இரண்டாம் அரசர்கள் 5. குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் எலிசா தீர்க்கதரிசியிடம் கேட்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோயிலில் பணிய வரும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டிவரும், ஆண்டவர் இதை மன்னிப்பாரா? எலிசா பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார். அது நிஜமாகவே அந்நிய தெய்வத்தின் கோயில். டீச்சர் அக்கா வீட்டில் இருந்தது ஒரு சோப்புப் பெட்டியும் வாழைப்பழமும்.


நெல்லை_ஊழியன்

எலிசா அனுமதி கொடுத்தார் என்று அதற்கு அர்த்தமில்லை, பொறுத்துக்கொண்டார் என்றுதான் நாங்கள் விளக்குவோம். ஆனாலும் நல்ல இடத்தைச் சுட்டினீர்கள், இன்று இரவு மறுபடி வாசிக்கிறேன். சிஸ்டர், ஒரு கேள்வி மட்டும். பேதுரு கொர்நேலியுவைத் தூக்கியெடுத்தான். நீங்கள் பிள்ளைகளைத் தூக்கினீர்களா?


ரங்கூன்_டீச்சர் (செவ்வாய் இரவு)

இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. இதற்காகவே உங்களுக்கு நன்றி.

தூக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் நன்றாகவும் இருந்தது. அரசுப் பள்ளியில் வருடா வருடம் ஆசிரியர்களை மேடையில் வரிசையாக உட்கார வைத்துப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கும்பிடுவார்கள். கிறிஸ்தவ டீச்சர், முஸ்லிம் டீச்சர் எல்லோரும்தான் உட்காருவோம். அங்கே எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை, அது வேலையின் ஒரு பகுதி. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு, கரண்ட் இல்லாத ஒரு மூன்றாவது மாடிக்கு ஆறு பேர் தேடி வந்து குனிந்தால், நாம் யாரோ என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. பிரதர் பயப்படுவது இதற்கென்றால் அந்தப் பயம் சரி. குனிகிறவர்களிடம் விக்கிரகம் இல்லை, நாற்காலியில் இருக்கலாம்.

என் அப்பாவும் வாத்தியார், தமிழ் வாத்தியார். 1965இல் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அவர் வேலை போனது. அதற்குப் பிறகும் தடின்ஜுட் அன்று பழைய மாணவர்கள் வருவார்கள். அப்பா நாற்காலியில் உட்காரமாட்டார். பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் குனிந்தால் அவர்கள் தலையும் அவர் மடியும் ஒரே உயரத்தில் இருக்கும், வாழ்த்தக் கை வைக்க வசதி. மூட்டுவலி என்று சொல்வார். அன்றைக்கு அதை நம்பினேன். மூட்டுவலிக்காரர் யாராவது தரையில் உட்காருவாரா? இப்போதுதான் யோசிக்கிறேன்.

மூப்பரிடம் போன் செய்து பேசினேன். பிள்ளையின் முன்னால் கேட்டிருக்க வேண்டாம் என்றேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கோபம்தான். ஞாயிறு பள்ளி பற்றிச் சபைக் கமிட்டியில் பேசுவோம் என்றார். பேசட்டும்.


வியாசர்பாடி_பேரன்

டீச்சர், உங்கள் அப்பா விஷயம் படித்ததும் எங்கள் பாட்டி ஞாபகம். அவர் பைபிள் படிக்கவும் தரையில்தான் உட்காருவார், கல்லைத் தேய்க்கவும் தரையில்தான். இரண்டும் ஒரே பாய். கன்னத்தில் காய்ந்த தனாக்கா இறுக்கும்போது "இனிமேல் சிரிக்கக்கூடாது, உடையும்" என்று சொல்லிக்கொண்டே சங்கீதம் வாசிப்பார். நாங்கள் சிரிக்க வைக்கப் பார்ப்போம்.


பெகு_மளிகை

கமிட்டி தீர்ப்பு வந்ததும் எழுதுங்கள் டீச்சரம்மா. கடையை மூடிவிட்டு வந்து படிக்கிறேன்.


ரங்கூன்_டீச்சர் (வெள்ளி மாலை)

கமிட்டி இன்னும் கூடவில்லை. வேறு ஒன்று நடந்தது.

இன்று நாலு மணிக்கு அந்தச் சபைப் பிள்ளை டியூஷனுக்கு வந்தாள், கொஞ்சம் முன்னாலேயே, தனியாக. நான் பாயை விரித்திருந்தேன். வகுத்தல் கணக்குக்காக எல்லோர் முன்னாலும் சிரிக்க வைத்ததற்கு மன்னித்துக்கொள் என்றேன். அவளுக்கு எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே புரியவில்லை. "எந்த வகுத்தல் டீச்சர்?" என்றாள். நான் ஒரு மாதமாகச் சுமந்தது அவளுக்கு ஞாபகமே இல்லை. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "ஞாபகம் இருக்கு டீச்சர்" என்றாள், நோட்டைப் பார்த்துக்கொண்டே.

மற்றவர்கள் வந்தார்கள், கணக்கு ஆரம்பித்தோம். நடுவில் கயிற்று மணி அடித்தது. எட்டிப் பார்த்தால் கீழே ஒரு பையன், போன வருடம் படிப்பை நிறுத்திவிட்டு டீக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவன். தடின்ஜுட்டுக்கு லீவு கிடைக்கவில்லையாம். மேலே வரச் சொல்லிக் கூப்பிட்டேன், முதலாளி திட்டுவார் என்று கையாட்டினான். நடுத்தெருவில், இரண்டு சைக்கிளுக்கு நடுவே, நின்றபடியே கை கூப்பித் தலை குனிந்தான். மூன்று மாடி உயரத்திலிருந்து யாரை எப்படித் தூக்குவது நெல்லை பிரதர்? நானும் கை கூப்பினேன், பால்கனிக் கம்பியில் நெற்றி இடித்தது.

கயிற்றை இழுத்தேன். கிளிப்பில் ஒரு லபெட் (ஊறவைத்த தேயிலை) பொட்டலம், இலையில் சுற்றிய ஒரு முழம் மல்லிகை. என் தொட்டியில் பூக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கிள்ளு கொடுத்தேன், சபைப் பிள்ளை வாங்கலாமா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள். உன் அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள் என்று பென்சில் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தேன். கரண்ட் போகப் போகிறது, விளக்கு சிமிட்டுகிறது, இதோடு போடுகிறேன்.